இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

என் மகள் செல்வியின் குரலைக் கேட்டு எண்பது நாளுக்குப் பக்கம் ஆகியிருந்தது. கடல் தாண்டி எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கக்கூட ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "நீதான அனுப்புன, நீயே கொண்டாந்து விட்டுரு" என்று தினமும் கும்பிடுவார். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவளை அம்மன் அனுப்பவில்லை, நான்தான் அனுப்பினேன் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

ஆத்தாளை நம்பிப் பிழைக்கிற என் சொந்தங்களே, என் பெயர் பேச்சியம்மாள். சிவகாசியை அடுத்த நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்து மூன்று வருடமாகச் சரவெடி பின்னுகிறேன். நம் கோயில் பொங்கல் மலருக்கு ஒரு அனுபவம் எழுதித் தரச் சொன்னபோது, "வாய்க்குத்தான் நான் பெரிய ஆளு, எழுத்துக்கு இல்ல" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். காய்ச்சல் தீர்ந்தது, கல்யாணம் முடிந்தது என்று எழுதுகிறவர்கள் பாக்கியசாலிகள். ஆத்தாள் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால், நான் ஆத்தாளுக்குச் செய்ததையும் சொல்லியாக வேண்டும். சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை வேலம்மாளும் நானும் ஒரே கம்பெனியில்தான் வேலை பார்த்தோம். எனக்குச் சரம் பின்னுகிற அறை, அவளுக்கு வெடிமருந்து செலுத்துகிற அறை. ஒரு மாசி மாதக் காலையில் அவள் அறை வெடித்தது. அதற்குமேல் அதைப் பற்றி எழுத என் கைக்குத் தெம்பில்லை. அவளைத் தூக்கிப்போட்ட பதினாறாம் நாள் விசேஷம் முடிந்ததும் நான் மறுபடி வேலைக்குப் போனேன். போகாமல் என்ன செய்வது? ஆனால் ஒன்றை மட்டும் மனசுக்குள் முடிந்து வைத்துக்கொண்டேன். என் மகள் இந்தக் கம்பெனி கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

செல்வி பி.காம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். கம்பெனி ஆபீசிலேயே கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்றார்கள். அறைக்கும் ஆபீசுக்கும் இருநூறு அடி தூரம் இருக்கும். அந்த இருநூறு அடி எனக்குப் போதவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஏஜென்ட் வந்தான். விருதுநகரில் மிளகாய்க் கடைகளுக்கு மேலே மாடியில் ஆபீஸ். படி ஏறும்போதே தும்மல் வரும். வளைகுடா நாட்டில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிற வேலை, தங்க இடம், சாப்பாடு எல்லாம் கம்பெனியே தரும் என்றான். அவன் சட்டையில் ஒரு கசங்கல் இல்லை. பேச்சிலும்தான்.

என் வீட்டுக்காரர் பொன்னுச்சாமி லாரியில் லோடு ஏற்றுகிறவர். எதையும் தூக்கிப் பார்த்து எடை சொல்கிற மனிதர். அவர்தான் கேட்டார்.

"வேலைக்குப் போற புள்ளைக்கு டூரிஸ்ட் விசாங்கீகளே, அது எப்படி?"

"அண்ணே, அங்கன போய் மாத்திக்கிரலாம். எல்லாரும் அப்பிடித்தான் போறாக," என்றான் அவன். பிறகு செல்வியைப் பார்த்து, "ஏர்போர்ட்ல கேட்டா சித்தி வீட்டுக்குச் சுத்திப் பாக்கப் போறேன்னு சொல்லும்மா," என்றான்.

செல்விக்கு இருந்தது ஒரே சித்திதான். அவள் எங்கே போனாள் என்று மேலே எழுதியிருக்கிறேன். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னார், "எனக்கு மனசு ஒப்பலத்தா. ஆத்தாகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம். வெள்ளை வந்தா போகட்டும். செவப்பு வந்தா, அம்புட்டுத்தான், பேச்சே கிடையாது."

உங்களுக்குத் தெரியாததல்ல. ஒரு தாளில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து அம்மன் காலடியில் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். என் கல்யாணமும் அப்படித்தான் முடிவானது. எங்கள் வீட்டு மனை வாங்கினதும் அப்படித்தான். ஆத்தாள் வேண்டாம் என்று சொன்ன எதையும் எங்கள் குடும்பம் செய்தது கிடையாது.

பொட்டலம் மடிக்கிற வேலை என்னிடம் வந்தது. வராமல் எங்கே போகும்? நான் மடித்த இரண்டு பொட்டலத்தை அருகருகே வைத்தால், மடித்த எனக்கே அடையாளம் தெரியாது. வெடி சுற்றுகிற ரோஸ் கலர்த் தாளை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் அடுப்படியில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் நந்தியாவட்டை, ஒரு பக்கம் செவ்வரளி. முதல் தாளில் நந்தியாவட்டையை வைத்து மடித்தேன். இரண்டாவது தாளை விரித்து அரளியை எடுத்தேன். சிவப்பைப் பார்த்ததும் வேலம்மாள் அறை வாசல் கண்ணுக்கு வந்துவிட்டது. அரளியைக் குப்பையில் போட்டேன். இரண்டாவது தாளிலும் நந்தியாவட்டையையே வைத்து மடித்துவிட்டேன்.

பூசாரி கண்ணை மூடி எடுத்தார். பிரித்தார். "வெள்ளை தாயி, ஆத்தா உத்தரவு குடுத்துட்டா," என்றார். என் வீட்டுக்காரர் அங்கேயே விழுந்து கும்பிட்டார். செல்வி சிரித்தாள். நான் குனிந்து, பிரிக்காத பொட்டலத்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டேன்.

"அத இங்கன குடு, மரத்தடில போட்டுருவோம்," என்றார் பூசாரி.

"நான் போட்டுக்கிடுதேன் சாமி," என்றேன். போடவில்லை. போடப் பயமாக இருந்தது. வீட்டில் அம்மன் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஒளித்து வைக்க எனக்கு வேறு இடமா கிடைக்கவில்லை? கிறுக்குப் பிடித்த புத்தி.

வைகாசி பிறந்ததும் செல்வி புறப்பட்டாள். போய்ச் சேர்ந்த அன்று பேசினாள். "வேற ஊருக்குக் கார்ல கூட்டிட்டுப் போறாகம்மா. பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கிட்டாக," என்றாள். எங்கள் பக்கம் வேலைக்குச் சேர்ந்தால் ஃபோர்மேனிடம் ஆதார் அட்டையைக் கொடுத்து வைப்பது வழக்கம். அது மாதிரித்தான் இதுவும் என்று நினைத்து, "பத்திரமா வச்சிருப்பாக," என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன்.

பத்து நாள் கழித்து மறுபடியும் கூப்பிட்டாள். மூச்சுக் காற்றில் பேசினாள். "எம்மா, இது கடையில்ல. வீட்டு வேலை. மூணு மாடி வீடு. வெளியில விட மாட்டேங்காக. போன..." அதோடு நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை. ஏஜென்டின் எண்ணும் வேலை செய்யவில்லை. என் வீட்டுக்காரர் விருதுநகருக்கு ஓடினார். மாடி அறை திறந்தே கிடந்ததாம். மேஜை இல்லை, நாற்காலி இல்லை. சுவரில் எங்கள் ஊரில் அச்சடித்த தினக் காலண்டர் மட்டும் தொங்கியது. பதினோரு நாளாகத் தாள் கிழிக்கப்படவில்லை என்று வந்து சொன்னார். அவன் கொண்டுபோன பணத்தைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. போனது போகட்டும். பிள்ளை?

போலீசில் எழுதிக் கொடுத்தோம். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தோம். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாரும் ஒன்றைத்தான் கேட்டார்கள். "எந்த ஊரு, எந்த வீடு, யாரு வீடு? வெலாசம் இல்லாம அம்புட்டுப் பெரிய நாட்டுல எங்கனம்மா தேடச் சொல்ல?"

நான் வேலைக்குப் போனேன். தீபாவளி சீசன் ஆர்டர் குவிந்து கிடந்தது. கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது. பொறி பட்டால் எல்லாரும் காலி. கேட்டில் வாட்ச்மேன் கருப்பையா அண்ணன் ஒரு மரப்பெட்டி வைத்திருப்பார். காலையில் அணைத்து அதில் போட்டால் சாயங்காலம்தான் கையில் கிடைக்கும். ஆடி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம் போனை ஆன் செய்ததும், தெரியாத ஒரு வெளிநாட்டு எண்ணிலிருந்து காலையில் அழைப்பு வந்ததாகக் குறுஞ்செய்தி காட்டியது. அது செல்வியின் பழைய எண் இல்லை. கருப்பையா அண்ணனிடம் காட்டினேன்.

"திருப்பிக் கூப்பிட்றாத தங்கச்சி. பிராடுக் கும்பல். இருக்கிற காச உறிஞ்சிருவான்," என்றார்.

அழித்துவிட்டேன். மறுநாளும் வந்திருந்தது. அதையும் அழித்தேன். அப்புறம் இரண்டு முறை. அழித்தேன். நல்ல ஏஜென்ட் என்று ஒரு திருடனை நம்பினவள், கையில் வந்து விழுந்த உதவியைத் திருடன் என்று துடைத்துப் போட்டேன். என் சாமர்த்தியம் அப்படி.

ஆடி கடைசிச் செவ்வாய். தெருவெல்லாம் கூழ் ஊற்றுகிறார்கள். என் வீட்டுக்காரர் அம்மன் படத்துக்கு முன்னால் வழக்கம்போல உட்கார்ந்து, "நீ சொல்லித்தான அனுப்புனேன்" என்று ஆரம்பித்தார். என்னால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. படத்துக்குப் பின்னால் கையை விட்டுப் பொட்டலத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுலயும் வெள்ளதான் இருக்கு," என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார்.

"ஆத்தா அனுப்புனான்னு நம்பித்தான பேச்சி நான் சும்மா இருந்தேன்," என்றார். "இல்லைன்னா பாஸ்போர்ட்ட வாங்கிட்டாகன்ன அன்னைக்கே அவன் ஆபீஸ் வாசல்லயே படுத்துக் கெடந்திருப்பேனே. அவன விட்டுருப்பேனா?"

அந்த வார்த்தை என்னை அறுத்தது. நான் ஏமாற்றியது ஆத்தாளை மட்டும் என்று நினைத்திருந்தேன். தகப்பனின் கையைக் காலைக் கட்டிப் போட்டவளும் நான்தான்.

இரண்டு பேரும் கோயிலுக்கு நடந்தோம். சந்நிதியில் கூட்டம். யார் பார்க்கிறார்கள் என்று நான் கவலைப்படவில்லை. அவள் முன்னால் பொட்டலத்தைப் பிரித்தேன். நந்தியாவட்டை காய்ந்து பழுப்பேறிப் போயிருந்தது. சத்தமாகவே சொன்னேன். "ஆத்தா, நான் ஒன்னைக் கேக்கவே இல்ல. கேக்குற மாதிரி நடிச்சேன். ஒனக்கு வேண்டாம்னு சொல்லவே எடம் குடுக்கல. இப்பக் கேக்கேன். எம் புள்ள இருக்காளா, இல்லையா? எதுன்னாலும் சொல்லு. இல்லைன்னு சொன்னாலும் ஏத்துக்கிடுதேன்."

பின்னால் நின்ற பெண்கள் கூழ்ச் செம்போடு என்னையே பார்த்தார்கள். பார்த்தவர்களில் சிலர் இதையும் படிப்பீர்கள்.

புதன் போனது. ஒன்றும் நடக்கவில்லை. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அறையில் உட்கார்ந்து பின்ன ஆரம்பித்தேன். எங்கள் கரிசல் காட்டில் ஆடியில் மழை பெய்தால் சாயங்காலம் பெய்யும். காலையில் பெய்து நான் பார்த்தது குறைவு. அன்று பத்து மணிக்கு வானம் இருட்டியது. முதல் இடி விழுந்ததும் அறையில் இருந்த நான்கு பேரும் கையில் இருந்ததைக் கீழே வைத்தோம். பட்டாசுக் கம்பெனியில் இடி இடித்தால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வெளியே வந்துவிட வேண்டும். ஃபோர்மேன் விசில் ஊதினார். எல்லாரும் கேட்டுக்கு நடந்தோம். மழை சடசடவென்று பிடித்துக்கொண்டது. எனக்கு வேலம்மாள் ஞாபகம். இன்று என்னைக் கூப்பிடுகிறாளோ என்றுகூட நினைத்தேன்.

கேட்டுக் கூரைக்குள் ஒதுங்கியதும், கருப்பையா அண்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லிப் பெட்டியைத் திறந்தார். என் போனை வாங்கி ஆன் செய்தேன். திரையில் வெளிச்சம் வந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அடித்தது. அதே வெளிநாட்டு எண்.

எடுத்தேன். ஒரு பெண் குரல். இங்கிலீஷ். ஒன்றும் விளங்கவில்லை. "செல்வி" என்ற ஒரு வார்த்தை மட்டும் விளங்கியது. நான் "ஐயோ" என்று கத்தினேன். பிறகு என் பிள்ளை பேசினாள்.

"எம்மா, அழுகாத. நேரம் இல்ல. எழுதிக்கோ. இங்கிலீஷ் எழுதுற ஆளு யாரும் இருக்காகளா?"

கருப்பையா அண்ணன் வாட்ச்மேன் வேலைக்கு வருவதற்கு முன்பு சிவகாசியில் அச்சாபீஸில் இங்கிலீஷ் எழுத்தும் கோத்தவர். போனை அவர் காதில் வைத்தேன். பட்டாசு லேபிள் தாளைத் திருப்பிப்போட்டு, அவள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினார். ஊர், தெரு, வீட்டு எண், அந்த வீட்டு முதலாளி பெயர். எழுதி முடித்துத் திருப்பிப் படித்துக் காட்டினார். "சரி" என்ற சத்தம் கேட்டது. வைத்துவிட்டாள். மழை நின்றுவிட்டது. பதினைந்து நிமிட மழை. பிராடு என்று சொன்ன அந்த மனிதர் என் முகத்தைப் பார்க்காமல், "மன்னிச்சிரு தங்கச்சி," என்று சொல்லி லேபிளை என் கையில் வைத்தார்.

அடுத்த திங்கட்கிழமை மனுவோடு அந்த லேபிளையும் கலெக்டர் ஆபீஸில் நீட்டினோம். "வெலாசம் கெடைச்சிருச்சா?" என்று அந்த அதிகாரி எழுந்தே நின்றுவிட்டார். அங்கிருந்து சென்னைக்கு, சென்னையிலிருந்து டெல்லிக்கு, டெல்லியிலிருந்து நம் தூதரகத்துக்கு. ஆவணி கடைசியில் மதுரை விமான நிலையத்தில் செல்வி இறங்கினாள். பாதி ஆளாக இருந்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள் வெளுத்துத் தோல் உரிந்திருந்தன. இன்றைக்கும் யார் வீட்டிலாவது காலிங் பெல் அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறாள்.

போனில் முதலில் பேசினவள் மரிசெல் என்ற பிலிப்பைன்ஸ் பெண். பக்கத்து வீட்டில் சமையல் வேலை. நம் ஊர் நேரத்துக்குக் காலை பத்தரைக்குள், குப்பை போடுகிற சந்தில் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வார்களாம். செல்வியின் எஜமானி கடைக்குப் போகிற நேரம் அது ஒன்றுதான். மரிசெலின் போனிலிருந்து செல்வி நாலு முறை கூப்பிட்டிருக்கிறாள். அந்த நேரம் என் போன் மரப்பெட்டிக்குள் செத்துக் கிடக்கும். செல்விக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் என்னுடையது ஒன்றுதான். அந்த வியாழக்கிழமைதான் கடைசி வாய்ப்பு. மறுநாள் செல்வியை வேறு வீட்டுக்கு மாற்றுவதாக இருந்தார்களாம்; மாற்றிய பிறகும் லேபிளில் இருந்த முதலாளியைப் பிடித்துத்தான் தூதரகம் அவளை மீட்டது. ஒருநாள் தள்ளி மழை பெய்திருந்தால்?

மரிசெலும் நம் பிள்ளை மாதிரி பிழைக்கப் போனவள்தான். ஆனால் போன விதம் வேறு. "அவ ஊர்ல ஏஜென்ட் பேரு சர்க்கார் பட்டியல்ல இருக்கான்னு மொதல்ல பாப்பாகளாம்மா," என்றாள் செல்வி. "அவன் சொல்ற வேலைக்கு உத்தரவு இருக்கான்னு தனியாப் பாப்பாகளாம். சம்பளம், லீவு எல்லாம் எழுதுன ஒப்பந்தத்துல சர்க்கார் முத்திரை விழணும். பெறகு ஒரு வகுப்பு. ஆபத்துன்னா யாரைக் கூப்பிடணும், எங்கன ஓடணும்னு போறதுக்கு முந்தியே சொல்லிக் குடுப்பாகளாம். அவ ஒப்பந்தத்த ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு தலகாணிக்கு அடியில வச்சிருப்பா. என் டூரிஸ்ட் விசாவப் பாத்துட்டு அவதாம்மா அழுதா, நான் அழுகல."

மரிசெல் கழுத்தில் சிலுவை போட்டிருப்பாளாம். ஆத்தாளுக்கு அதெல்லாம் கணக்கில்லை. என் வீட்டு விளக்கில் அவள் பெயருக்கும் ஒரு திரி எரிகிறது.

செல்வி வந்த வாரமே என் திருட்டை அவளிடம் சொல்லிவிட்டேன். "செவப்பு வந்திருந்தாலும் நான் ஒன்னோட சண்ட போட்டுப் போயிருப்பேன்மா," என்றாள். எனக்கு ஆறுதலுக்குச் சொன்னாளோ, உண்மையோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இப்போது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் கோயில் மண்டபத்தில் செல்வி உட்கார்ந்திருக்கிறாள். வெளிநாட்டு வேலை என்று யார் எந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தாலும் படித்துச் சொல்கிறாள். ஏஜென்டின் உரிம எண்ணை அரசாங்க இணையதளத்தில் போட்டுப் பார்க்கிறாள். டூரிஸ்ட் விசா என்று சொன்னால் அந்தக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். சித்தி வீட்டுக்குப் போவதாகச் சொல்லச் சொன்னார்கள் என்று ஒரு பெண் வந்தபோது, செல்வி அவளை வீட்டுக்கு அனுப்பவேயில்லை. அவள் தகப்பனை மண்டபத்துக்கு வரவழைத்துப் பேசித்தான் அனுப்பினாள்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். செல்வி மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறாள். இந்த முறை உரிமம் உள்ள நிறுவனம், ஒரு ஹோட்டலில் கணக்குப் பிரிவு, வேலை விசா. ஒப்பந்தத்தை நான்கு முறை படித்து எனக்குத் தமிழில் சொல்லிவிட்டாள். கவரில் போட்டு வைத்திருக்கிறாள். அவள் அப்பா, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனாலும் ஆத்தாட்ட ஒரு வார்த்தை," என்றார். "பூக்கட்டிப் பாருங்கப்பா. ஆனா அம்மா மடிக்கக் கூடாது," என்று செல்வி சிரித்தாள். நான்தான் மடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் இரண்டு பேர் கண் முன்னாலேயே மடிப்பேன்.

அன்பானவர்களே, உங்கள் பிள்ளையை வெளியூர் அனுப்பப் போகிறீர்களா? முதலில் காகிதத்தைப் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் மண்டபத்துக்கு வாருங்கள். அதற்குப் பிறகு ஆத்தாளைக் கேளுங்கள். அவள் என்னைப் போன்ற திருடிக்கே இறங்கி வந்தவள், உங்களுக்கு வர மாட்டாளா? ஆனால் கேட்பதாக இருந்தால் சிவப்பையும் வைத்துக் கேளுங்கள்.

நாளைக்குச் செவ்வாய். இன்று சாயங்காலம் பூப் பறிக்கப் போனேன். நந்தியாவட்டை கைக்கெட்டும் உயரத்தில் நிறையப் பூத்திருந்தது. செவ்வரளி தள்ளி, வேலி ஓரத்தில் இருந்தது. வேலம்மாளை நினைத்துக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. எட்டிக் கிளையை வளைத்து, நல்லதாகப் பார்த்து ஒரு கொத்துப் பறித்து வந்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.